மோட்டார் நேசமணியின் நினைவு மலர்

மோட்டார் நேசமணி செத்து இருபத்துநாலாம் நாள், அவள் மகள் கரோலினா ஒஸ்லோ குரோருட்டில் ஆனந்தராஜாவின் வீட்டில் இருந்து, அச்சுக்குப் போகவேண்டிய நினைவு மலரைப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட வருகிற எல்லார் கைக்கும் அது போகும். ஒஸ்லோவில் செத்த தமிழரில் பாதிப்பேரின் வாழ்க்கையை ஆனந்தராஜாதான் எழுதியிருந்தார். அவர் கையில் எல்லாரும் நல்லவர்களாகவே செத்தார்கள்.

நேசமணிக்கு அவர் அதிகம் பாடுபடவேண்டியிருக்கவில்லை. மன்னார்ப் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கள்ளப் படகு ஓட்டிய பெண். முதலில் சவர்க்காரமும் பீடியும், சண்டை வந்தபிறகு ஆட்கள். இரண்டு நாட்டு நேவியும் தேடியது. காலில் நேவியின் சூடு பட்டும், ஒரு கையால் காயத்தைப் பொத்தி மறு கையால் மோட்டாரைப் பிடித்துக் கரை சேர்த்தவள் என்று எழுதியிருந்தார்.

"அங்கிள், அந்தக் காயம் இஞ்சை வேலையிலை தரை கழுவுற மெசின் ஏறினது."

"உமக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்கு நேவி சுட்டதாவே இருக்கட்டும்."

கரோலினா சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். அடுத்த வரி: 'அன்னாரின் படகில் ஏறிய ஒருவருக்கேனும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.'

"இதிலைதான் வில்லங்கம்," என்றார் ஆனந்தராஜா. "வெஸ்ட்லியிலை இருக்கிற ஸ்ரனிஸ்லாசுக்குப் போனிலை வாசிச்சுக் காட்டினனான். அச்சிலை வந்தால் மண்டபத்திலை எழும்பிக் கதைப்பாராம். நீர் போய்க் கேட்டால் வாயை மூடுவார்."

அவர் வாயை மூடத்தான் கரோலினா போனாள். அம்மா விட்டுப்போன சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். காலைப் பஸ்ஸை ஓட்டி முடித்து, உடுப்பு மாற்றாமலே ரெயின் ஏறிக் கடைசி ஸ்டேஷனான வெஸ்ட்லியில் இறங்கினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றவர். விரல்கள் மடங்காது. தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்தார்.

"தொண்ணூறாம் ஆண்டு. கொம்மாவின்ரை படகிலை பன்ரண்டு பேர். இருட்டுக்கை மோட்டாரை நிப்பாட்டி, 'இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ' எண்டா. உப்பு முகத்தோடை கேம்புக்குப் போகக்கூடாதெண்டு, கொண்டுபோன நல்ல தண்ணி முழுக்க ஊத்தி முகம் கழுவினம். விடிஞ்சாப்போலை பாத்தால் சுத்திவரக் கடல். மணல் திட்டு."

"நேவி லைற்றைக் கண்டிருப்பா."

"கண்டிருப்பா. நானெண்டாலும் திரும்பியிருப்பன். திட்டெண்டு சொல்லிப்போட்டுத் திரும்பியிருக்கலாம். தண்ணியெண்டாலும் மிஞ்சியிருக்கும்."

கரோலினா தன் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்ரை மகள் எமிலி ரெண்டாம் நாள் போயிட்டா. ரெண்டு வயசு. மணலிலைதான் தாட்டது. மூண்டாம் நாள் இராமேஸ்வரத்துச் சனம் வந்து எங்களை ஏத்தினது."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"கொம்மாவிட்டைச் சொன்னனான். ஒருநாள் பூசை முடிய, கோயில் வாசல்லை. 'ஓம், நான்தான்' எண்டா. வேறை ஒண்டும் சொல்லேல்லை. பொய் சொல்லேல்லைத்தானே எண்டு நானும் விட்டிட்டன். இப்ப பொய் சொல்லுறது ஆனந்தராஜா."

"நான் என்ன செய்யோணும்?"

"நீர் என்ன செய்ய வந்தனீர் பிள்ளை?"

அவள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினாள்.

அந்த வரியை எடுத்துவிட்டு உள்ளதைப் போடச் சொன்னபோது ஆனந்தராஜா கையை விரித்தார். "நினைவு மலரிலை ஆரும் குற்றப்பத்திரிகை அடிக்கிறதில்லை."

"அப்ப உங்கடை மலர் வேண்டாம், அங்கிள்."

தானே ஒரு தாளில் எழுதி நூற்றைம்பது பிரதி எடுத்தாள். பிறந்த ஊர், ஓட்டிய படகு, ஒஸ்லோவில் கழுவிய தரைகள். காயத்தைப் பற்றி உள்ளதை எழுதினாள். பிறகு: '1990இல் பன்னிரண்டு பேரை இந்தியா என்று சொல்லி மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார். அவர்களில் எமிலி என்ற இரண்டு வயதுக் குழந்தை தாகத்தால் இறந்தது. கேட்டபோது அம்மா மறுக்கவில்லை.'

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் தாள் எல்லார் கைக்கும் போனது. அம்மாவின் தம்பி டானியல் தாளைக் கசக்கி எறிந்தார்.

"செத்தவளைக் கொண்டுபோய்க் குற்றவாளிக் கூட்டிலை ஏத்திப்போட்டாயே! நீ ஒரு மகளே?"

சாப்பிடாமல் வெளியே போனார். அவரோடு இரண்டு மேசை எழும்பிப் போனது. ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மெதுவாக வாசித்தார். தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் வந்து நின்றார். அவருக்கு முன்னால் நின்ற மங்களேஸ்வரி பக்கத்தில் நின்றவளிடம், "பெத்த தாயை வித்துப்போட்டாள்," என்றாள். மெல்லச் சொல்வதாய் அவளுக்கு நினைப்பு.

பரிமாறிக்கொண்டு நின்ற கரோலினா அவளுடைய தட்டில் சோற்றைப் போட்டாள்.

"இறைச்சி வைக்கட்டோ, அன்ரி?"

"ஓம், கொஞ்சம்," என்றாள் மங்களேஸ்வரி.