சம்பவ இடம்

எங்கள் இரண்டு குப்பத்துக்கும் நடுவில் இருக்கிற மணல்மேட்டுக்குப் பேர் கிடையாது. மேடு என்போம், அவ்வளவுதான். சுனாமி வந்தபோது இரண்டு ஊர் ஜனமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் மேல்தான் ஏறி நின்றோம். புயல் என்று சொன்னால் படகை ஏற்றுவதும் அங்கேதான், கருவாடு காயப் போடுவதும் அங்கேதான். வடகுப்பத்து நாய் தென்குப்பத்துக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பொம்பளைகள் குடுமிப்பிடிச் சண்டை போடுவோம். சாயங்காலம் ஒரே குழாயடியில் நின்று தண்ணீர் பிடிப்போம். மேடு யாருடையது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பைத்தியம் என்று சிரித்திருப்போம்.

நான் முத்தாலம்மாள். பிறந்தது வடகுப்பம், வாழ்க்கைப்பட்டது தென்குப்பம். பிள்ளை இல்லை. எனக்கென்று இருந்தது இரண்டு பேர், என் புருஷன் ரங்கனும் என் தம்பி இளமாறனும். இரண்டு பேரும் கூட்டு சேர்ந்து, என் அப்பன் வாங்கிக் கொடுத்த ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போவார்கள். அவர்கள் கொண்டுவருகிற மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு சோழிங்கநல்லூர், மேடவாக்கம் தாண்டி சேலையூர் வரைக்கும் போய் நான் விற்பேன். தாம்பரம் பக்கத்து ஜனங்களுக்குக் கடலைத் தெரியாது. சங்கராவை மட்டும் நன்றாகத் தெரியும், அதிலும் பேரம் பேச ரொம்ப நன்றாகத் தெரியும்.

அந்த சேலையூரிலிருந்துதான் மிருதுளா என்ற பெண் வந்தாள். நகரத்துக்கான பழைய திட்டத்தைத் திருத்தி எழுதுகிறார்களாம், அந்த ஆபீஸில் வேலை. நல்ல பெண். வலை பின்னும் கூடத்தில் பாய் அகலத்துக்கு ஒரு மேப்பை விரித்தாள்.

“அக்கா, இது அடுத்த இருபது வருஷத்துக்கு சிட்டி எப்படி இருக்கணும்னு போடுற பிளான். கடல் மட்டம் ஏறிட்டே இருக்கு. எங்க வீடு கட்டலாம், எங்க கட்டக்கூடாது, வெள்ளம் வந்தா ஜனங்க எங்க போகணும், எல்லாம் இதுல வரும். உங்க இடத்தை நீங்க மார்க் பண்ணலைன்னா காலி நிலம்னு வந்துடும். அப்புறம் யாராவது ரிசார்ட் கட்டிடுவாங்க.”

அவள் சொன்னது பொய் இல்லை. கரையோரமாக எத்தனை குப்பத்து மணலில் மதில்சுவர் எழும்பியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? படகு நிற்கிற இடம், வலை காய்கிற இடம் எல்லாவற்றையும் காட்டினோம். கடைசியில் மேட்டின் மேல் விரலை வைத்தாள்.

“இது எந்தக் குப்பத்தோடது?”

“ரெண்டு குப்பத்துதும்தான்,” என்றேன்.

“ஒரு இடத்துக்கு ஒரு ஊர் பேர்தான் போட முடியும் அக்கா. கடல் ஏறினா மாற்று வீடு, புயல் ஷெல்டர் எல்லாம் கட்ட இங்க இது ஒண்ணுதான் உயரமான இடம். யாருக்குக் கட்டுறோம்னு எழுதணும் இல்லையா?”

“ரெண்டு பேரையும் போட்டா உன் மேப்பு இன்னா, கியிஞ்சா பூடும்?”

அவள் சிரித்தாள். மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். நான் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் தென்குப்பத்துத் தலைவர் ஜீவானந்தம் மட்டும் சிரிக்கவில்லை. மாற்று வீடு என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது.

எல்லையை அந்தந்த ஊர்க்காரர்களே போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து காட்டினால் போதும், கோடு தானாக மேப்பில் விழுந்துவிடும் என்று மிருதுளா சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஜீவானந்தம் நடந்தார். மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். சேதி தெரிந்ததும் வடகுப்பத்துத் தலைவர் எத்திராஜ் நடந்தார். அவரும் மேட்டைச் சுற்றினார், சும்மா வருவானேன் என்று எங்கள் பக்கம் இருக்கிற குழாயடி வரைக்கும் வந்துவிட்டுப் போனார். மேப்பில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

அன்றிலிருந்து பேஜார் ஆரம்பித்தது. முதலில் பேச்சு நின்றது. பிறகு மேட்டில் காய்ந்த வலையை எவனோ அறுத்தான். பதிலுக்கு இங்கே ஒரு எஞ்சினில் மணலைக் கொட்டினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நான் தெருவில் நின்று கத்தினேன். பொறந்த ஊருக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள் இங்கே. புருஷன் ஊருக்கு வேவு பார்க்கிறாள் என்றார்கள் அங்கே. நாசமாய்ப் போக!

சண்டையைத் தீர்க்க மிருதுளாவே ஒரு வழி சொன்னாள். டிரோன் விட்டு மேலிருந்து படம் எடுப்பார்கள், மேட்டை யார் புழங்குகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும், அதை வைத்து முடிவு செய்யலாம். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எங்கள் ஆட்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? அன்றைக்கு எவன் படகு மேட்டில் நிற்கிறதோ அவனுக்கு மேடு. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி உத்தரவு போட்டார்கள். எல்லாப் படகும் விடிவதற்குள் மேட்டில் ஏற வேண்டும். மாற்றூர்க்காரனோடு எவனும் கடலுக்குப் போகக் கூடாது. மீறினால் ஊரை விட்டு ஒதுக்கி வைப்போம்.

டிரோன் வருவதற்கு முந்தின ராத்திரி இளமாறன் என் வீட்டில் உட்கார்ந்து நெத்திலி வறுவல் தின்றுகொண்டே கேட்டான். “மாமா, நம்ம போட்டு எந்த ஊரு கணக்கு?”

“முன்னாடி என் ஊரு, பின்னாடி உன் ஊரு மச்சான்,” என்றான் ரங்கன்.

“எஞ்சினு பின்னாலதான் கீது. அப்ப நான்தான் கெலிச்சேன்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இதுகள் அடித்துக்கொள்ளாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

டிரோன் வருகிற நாள் காலையில் நான் ஐஸில் கிடந்த மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேட்டுப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கல் பறக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்பளைகள் துடுப்பாலும் நங்கூரக் கயிற்றாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வாயில் ரத்தத்தோடு பல்லைத் துப்பினான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் என் நாத்தனார் மயிரைப் பிடித்து மணலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். எத்திராஜின் பெரியப்பா மகன் கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் முழங்காலால் அவன் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தான். அந்த மூன்றாவது ஆள் போன மாதம்தான் அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான்.

மேட்டின் உச்சியில் எங்கள் படகு. முன்னால் ரங்கன் பிடித்து இழுக்கிறான், பின்னால் இளமாறன் பிடித்து இழுக்கிறான். இரண்டு பேர் முதுகுக்குப் பின்னாலும் ஊரே நின்று “இஸ்துடா, வுடாத, இஸ்து” என்று கத்துகிறது. ராத்திரி சிரித்த முகம் இரண்டிலும் இல்லை. ஊர் பார்க்கிறதே! விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடுமே!

“வுடு மாமா!”

“நீ வுடுறா!”

“இன்னாத்துக்கு வுடணும்? எங்கப்பன் போட்ட பிச்சைடா இந்தப் போட்டு! அக்காவ கட்டிக்கினு வந்து குந்தி துன்னவன்தான நீ!”

அந்த வார்த்தை என் அப்பனே சொல்லாதது. ஊர்க்காரர்கள் முன்னால் அவன் சொல்லிவிட்டான். ரங்கன் படகை விட்டான். குனிந்து துடுப்பை எடுத்தான். நான் “யோவ், வோணாயா!” என்று கத்திக்கொண்டே பாய்ந்தேன். தலையில் இறங்கிய சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம்தான், வேறு எப்படிச் சொல்வது? இளமாறன் ஓர் அடி என் பக்கம் நடந்து வந்தான். என் மேல் சாய்ந்தான். அவன் பாரம் தாங்காமல் நான் உட்கார்ந்துவிட்டேன். என் மடியில் அவன் தலை. “அக்கா” என்றான். மூக்கிலும் காதிலும் ரத்தம் கொட்டியது. நான் முந்தானையை வைத்து அழுத்தினேன், அழுத்த அழுத்த நனைந்துகொண்டே போனது. ரங்கன் துடுப்பைப் பிடித்தபடி நின்றான். சுற்றி இருந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஓடிவிட்டார்கள், வீரப்புலிகள்!

அன்றைக்கு டிரோன் வரவே இல்லை. காற்று அதிகம் என்று வேறொரு நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம். அந்தச் சேதி வந்தபோது நான் ஆம்புலன்ஸில் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவன் செத்துப்போனான்.

ரங்கனைப் போலீஸ் கூட்டிப் போயிருந்தது. பிணம் வருவதற்கு முன்பே ஜீவானந்தம் என் வாசலுக்கு வந்தார்.

“இதோ பாரு முத்து, மத்தவன் எவன் சொன்னாலும் தன் ஊருக்குப் பேசுறான்னுவாங்க. ரெண்டு ஊருக்கும் பொதுவானவ நீ ஒருத்திதான். உன் வார்த்தையத்தான் போலீசு எயுதும். மேடு தென்குப்பம் எல்லைன்னு சொல்லிடு. அவன் நம்ம எடத்துல பூந்து அடிக்க வந்தான், ரங்கன் தடுத்தான்னு கேஸ் மாறிடும். உன் புருசன் வெளிய வந்துடுவான். போலீசு காயிதத்துல எல்லை ஏறிட்டா அத்த பிளான் ஆபீசுல குடுத்துடலாம். மேடு நம்முது.”

“என் தம்பி செத்து கெடக்குறான்.”

“அதான் சொல்றேன். போனவன் போயிட்டான். இருக்கறவன காப்பாத்து.”

தம்பியைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது எத்திராஜ் என் கூடவே நடந்தார். “மேடு வடகுப்பம்னு சொல்லும்மா. எல்லை தாண்டி வந்து கொன்னான்னு ஆவும். அவன் வெளியவே வர மாட்டான். மேட்டுல வூடு வந்தா மொத வூடு உன் தம்பி பொண்டாட்டிக்குத்தான், ஊரு வாக்கு குடுக்குது.” தம்பி பொண்டாட்டி மஹாலட்சுமி பக்கத்திலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “சொல்லிடுங்க அண்ணி. எனக்கு வேற யாரு கீறாங்க?” என்றாள். அவள் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

இரண்டு தலைவர்களும் எந்த ஊர் எல்லையில் விழுந்தான் என்று பேசினார்களே தவிர, அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரங்கன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. பிள்ளை இல்லை என்று ஊரே என்னை ஏசியபோது ஒரு சொல் சொல்லாதவன் அவன். அவனை வெளியே கொண்டுவர ஒரு வார்த்தை போதும் என்றால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளாதா? ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே இருந்தது.

ஸ்டேஷனில் மிருதுளாவும் இருந்தாள். எல்லையைக் காட்டச் சொல்லி இன்ஸ்பெக்டர் அவளை மேப்போடு வரவழைத்திருந்தார். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. “மேட்டுக்கு இன்னும் பேர் போடலை சார். அந்த இடம் பிளாங்க்காதான் இருக்கு,” என்றாள்.

“அப்போ இந்தம்மா சொல்றதுதான்,” என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். “சம்பவ இடம் எதும்மா?”

“மேட்டுல சார்.”

“மேடு எந்தக் குப்பம் எல்லை?”

வாசலில் ஒரு பக்கம் ஜீவானந்தம், மறுபக்கம் எத்திராஜ். இரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே கம்பிக்குப் பின்னாலிருந்து ரங்கன் குரல் வந்தது. யாரோ அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“முத்து, நம்ம பக்கம்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்த. உன் கால்ல வுழறேன், நம்ம பக்கம்னு சொல்லு.”

நான் எழுந்து கம்பியருகில் போனேன். அவன் சட்டையில் என் தம்பியின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. நாக்கு நுனியில் இருந்த வார்த்தை அங்கேயே செத்தது.

“யோவ், அடிக்கறப்ப நீ எந்தப் பக்கம்னு பாத்தா அடிச்ச?”

நான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன்.

“எழுதிக்கோ சார்,” என்றேன். “அடிச்சவன் என் புருசன் ரங்கன். துடுப்பால அடிச்சான். செத்தவன் என் தம்பி இளமாறன். வுழுந்தது என் மடியில. என் மடி எந்தக் குப்பம்னு எனக்குத் தெரியாது. வேற எந்த எடத்துலயும் அவன் வுழல.”

“பாவி!” என்று வாசலிலிருந்து ஜீவானந்தம் கத்தினார். “புருசனையே காட்டிக் குடுத்துட்டாளே, ஊருக்கு ஒரு புரோஜனமும் இல்லாம!”

“அத்த சொல்லு!” என்றார் எத்திராஜ். சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி இரண்டு பேருக்கும் பொதுவாக வீசினேன். யார் மேல் பட்டது என்று பார்க்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, புதைக்கும்போதும் வரவில்லை. ஸ்டேஷன் தரையிலேயே உட்கார்ந்து, “மாறா, டேய் மாறா” என்று மார்பில் அடித்துக்கொண்டேன். கம்பிக்கு உள்ளே ரங்கன் சரிந்து உட்கார்ந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, “மச்சான், என் மச்சான்” என்று கதறினான். நான் கையை நீட்டவில்லை. அவனும் நீட்டவில்லை. இரண்டு பேரும் இளமாறனுக்காக அழுதோம்.