வினோதாவின் கையில் பிரம்பு

மண்சரிவில் குடியிருந்த லய வீடு புதைந்துபோய், வேறு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தர்ஷனாவை ஐந்தாம் வகுப்பே எழுந்து நின்று கைதட்டி வரவேற்றது. ஏற்பாடு செய்தவள் சுலக்ஷனா டீச்சர். அத்தோடு தன் கடமை முடிந்தது என்று அவள் நினைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள், பள்ளி அதிபரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் வகுப்பு வாசலிலேயே விறைத்துப்போனாள். கரும்பலகைக்குக் கீழே தர்ஷனா சுருண்டு கிடந்தாள். உதடு கிழிந்து, வெள்ளைச் சீருடையெல்லாம் ரத்தம். வகுப்பு மொனிட்டர் வினோதா அவள் முதுகில் பிரம்பால் விளாசிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுலக்ஷனா பாய்ந்துபோய் வினோதாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வினோதா மேசையில் மோதி விழுந்தாள்.

"நாயே! அடிக்கச் சொல்லி யாருடி ஒனக்குச் சொன்னது?"

மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வினோதா பிரம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. கங்காணி மாதிரி பாத்துக்க, சத்தம் போட்டா ரெண்டு போடுன்னு. இவ வீட்ட நெனச்சு சத்தமா அழுதா."

சுலக்ஷனா பிரம்பை வாங்கினாள்.

அதைக் கண்டதும் தர்ஷனா தட்டுத்தடுமாறி எழுந்து, உள்ளங்கையை விரித்து டீச்சர்முன் நீட்டினாள்.