உயிருள்ள முகம் இல்லை

வாசிப்பு வாரத்துக்குத் தமிழில் ஒரு கதை படிக்க ஆள் வேண்டும் என்று கேரள மலையில் சக்குபள்ளம் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், கேட்டபோது, செல்வலட்சுமி யோசிக்கவே இல்லை. அந்தப் பழைய விஞ்ஞானக் கதைத் தொகுப்புதான்! ஒன்பதாம் வகுப்பில் அங்கிருந்துதான் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், சோறு ஆறியதுகூடத் தெரியாமல் படித்தவள். அதிலும் அந்த மூச்சு இயந்திரக் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பு, அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

இன்றைக்கு அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். காலை ஏழரைக்குப் பெண்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் போனைப் பிடிக்க வேண்டும். 'கண்ணைச் சிமிட்டவும்' என்று எழுத்து வரும். சிமிட்டினால் பச்சை, ஆள் ஆஜர். யாரும் போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாதாம், அதற்காக இந்தச் சிமிட்டல். ஏலக்காட்டில் களை பிடுங்க வருகிறவள் போட்டோவை எதற்குத் தூக்கிக்கொண்டு வரப்போகிறாள்? அதை யாரும் கேட்கவில்லை.

மூக்கம்மாளுக்கு மட்டும் பச்சை வரவில்லை. போன மாதம் முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கண் மூட மறுத்தது. கைகால் எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி. வேலையில் இன்றைக்கும் அவள்தான் முதல். ஆனால் போனுக்குக் கைகாலா தெரிகிறது? இந்த ஏற்பாடு வந்த மூன்று நாளும் சிவப்பில் ஒரே வரி: உயிருள்ள முகம் இல்லை. மூன்று நாள் சிவப்பு வந்தால் பெயர் நீங்கிவிடும். பெயர் நீங்கினால் தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். மூக்கம்மாள் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கும் அறை அது.

"ஏத்தா செல்வி, நாந்தானே ஒன் முன்னால நிக்கேன்?" என்று சனிக்கிழமை மூக்கம்மாள் கேட்டாள்.

"நான் என்ன மதினி செய்ய? மிஷினு இல்லைங்குதே."

சொல்லிவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விட்டாள். சாயங்காலம் சிவப்புப் பட்டியலை மலையாளி மேனேஜர் ஜிஜிக்கு அனுப்பினாள். ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தாள், பாவி.

ஞாயிறு மூன்று மணிக்கு நல்ல மழை. அப்படியும் முப்பது பேர் வந்துவிட்டார்கள். முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு மூக்கம்மாளும் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். திங்கள்கிழமை அறையை விடச் சொல்வார்கள் என்று அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

செல்வலட்சுமி கதையை எடுத்தாள். அறுபது வருஷத்துக்கு முந்தைய கதை. அதில் வருகிற எதிர்காலம் இரண்டாயிரத்து இருபதாம் வருஷம். அந்த எதிர்காலமும் பழசாகிப் போய்விட்டதே என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நகரம். அதன் வாசலில் மூச்சைக் கேட்டு ஆளை அடையாளம் காணும் ஒரு இயந்திரம். ஆஸ்துமாக்காரக் கிழவர் ஒருவர் மருந்து வாங்க வெளியே போய்விட்டுத் திரும்புகிறார். இழுக்கிற மூச்சை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை. கிழவர் ஊதுகிறார், இருமுகிறார், தும்மிக் காட்டுகிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். வாசல் குமாஸ்தா பேசுகிற இடம் வந்தது.

"'ஐயா, நான் என்ன செய்ய? இயந்திரம் இல்லை என்கிறதே!'"

படித்த பிறகுதான் காதில் விழுந்தது.

"அடியாத்தீ!" என்றாள் பின்னாலிருந்து, நேற்று வரிசையில் அடுத்து நின்ற பிலோமி. "செல்வி, நீ நேத்துச் சொன்னதயா புஸ்தகத்துல போட்ருக்காக?"

சிரிப்பு சட்டென்று நின்றது. செல்வலட்சுமி புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். வரியை மறுபடி பார்த்தாள், அச்சில் அப்படியேதான் இருந்தது. பக்கத்து ஓரத்தில் மங்கலாக ஒரு பென்சில் எழுத்து. கோணல்மாணலான 'ம', நீட்டி இழுத்த கால். அவளுடைய கையெழுத்து! ஒன்பதாம் வகுப்புச் செல்வி எழுதியிருந்தாள்: இவனெல்லாம் ஒரு மனுசனா?

சிரித்தது நினைவில் தங்கியிருந்தது. இது எப்படி மறந்தது? அந்த எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"அப்பறம் அந்த மனுசன் வீட்டுக்குள்ள போனாரா?" மூக்கம்மாள் கேட்டாள். ஒரு பக்க வாயால் கேட்டதில் சொற்கள் குழறின.

செல்வலட்சுமி கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். கிழவர் ஜன்னலுக்குக் கீழே நின்று மகளைக் கூப்பிடுகிறார். உள்ளே மகள் புருஷனிடம் சொல்கிறாள், யாரோ அப்பா மாதிரியே பேசுகிறார்கள் என்று. கதை அதோடு முடிந்துவிட்டது.

"இல்ல மதினி. போகல."

அங்கேயே நின்றபடி ஜிஜிக்குப் போன் போட்டாள்.

"சாரு, மூக்கம்மா பேர எடுக்காதீக. அந்தம்மா உசுரோட இங்கதான் என் முன்னால இருக்கு."

"எனிக்கி தெரியாதா செல்வி? மூக்கம்மா நல்ல பணிக்காரி. பட்சே சிஸ்டம் இல்லன்னு காட்டுனா ஞான் என்ன செய்ய?"

ஐயோ, அதே வரி! அவள் போனை வைத்துவிட்டாள்.

திங்கள் காலை ஏழரை. சூப்பர்வைசர் முகம் பச்சையானால்தான் போனில் அன்றைய வருகைப் பதிவு திறக்கும்; இல்லாவிட்டால் தோட்டத்தில் யாருக்கும் ஆஜர் கிடையாது. நாற்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். வரிசை ஓரத்தில் மூக்கம்மாள், கையில் லயத்து அறைச் சாவி.

செல்வலட்சுமி போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கண்ணைச் சிமிட்டவும் என்றது போன். அவள் வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் எரிந்தது, தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. சிவப்பு வந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவையும் அதேதான்.

"ஏத்தா, சிமிட்டித் தொலையேன்!" மூக்கம்மாள் பதறிப்போய் ஓடி வந்தாள். "மூணு நாள் இப்படியே நின்னா ஒனக்கும் வீடு போயிருமேடி!"

"நான் என்ன மதினி செய்ய?" என்றாள் செல்வலட்சுமி. விரலை அவள் எடுக்கவில்லை. ஜிஜியின் ஜீப் மேடேறி வருகிற சத்தம் கேட்டது.