முழு இலை

கிருஷ்ணவேணியின் இரைப்பையில் முக்கால் பங்கை அறுத்து எடுத்திருந்தார்கள். ஆறாத வயிற்றுப்புண்தான் காரணம். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து விழுப்புரத்துக்குத் திரும்பியபோது நெல்மூட்டை போல இருந்தவள் பாதியாகியிருந்தாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஓர் ஆழாக்குக்கு மேல் கூடாது. இனிப்பு ஆகாது. காலையும் மாலையும் ஒரு மைல் நடக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஆண்கள் எழுந்து, மாமியார் வீரம்மாளும் எழுந்த பிறகுதான் மருமகள் உட்கார முடியும். ஆறு வேளை என்றதும் வீரம்மாள் முகவாயில் கை வைத்தாள். ஆட்டுக்குக்கூட அசை போட நேரம் உண்டு, இவளுக்கு இல்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். கேப்பைக் கூழ்ப் பானையை மாட்டுக் கொட்டகையில் வைத்தாள். கிருஷ்ணவேணி அங்கே நின்றபடி குடித்தாள். காரியமில்லாமல் நடந்தால் ஊர் பேசும் என்பதால் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய் வந்தாள். இரண்டு மாதத்தில் உடம்பு கொஞ்சம் தேறியது.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் நாத்தனார் பூமாலைக்குத் திண்டிவனத்திலிருந்து சம்பந்தம் வந்தது. கிருஷ்ணவேணி இளைத்ததற்குக் காரணம் காசநோய் என்று யாரோ திண்டிவனத்தாரிடம் ஓதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் லட்சுமியம்மாள் ஆள் விட்டாள். மருமகள் தன் பக்கத்தில் உட்கார்ந்து முழு இலை சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் கை நனைப்போம், இல்லாவிட்டால் தண்ணீர்கூடத் தொடாமல் பஸ் ஏறுவோம்.

வீரம்மாள் கொட்டகைக்கு வந்தாள்.

"பாதி இலையில நீ எழுந்தா எம் பொண்ணு கல்யாணம் போச்சு. அப்புறம் மூட்டையைக் கட்டிக்கினு திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸைப் பாரு."

அங்கே கிருஷ்ணவேணியின் அண்ணன் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத அண்ணன்.

திண்டிவனத்தார் வந்த அன்று பந்தியில் சாம்பார் சோறு முடியும் முன்பே வயிறு கல்லானது. ரசத்துக்கு மறுபடி சோறு போட்டார்கள். மென்று மென்று இறக்கினாள். பாயசத்தைக் கண்டதும் கை தயங்கியது. எதிரே பரிமாறிக்கொண்டிருந்த வீரம்மாள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். சற்று நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது.

"இன்னாம்மா, இப்படி வேர்க்குது?" என்றாள் லட்சுமியம்மாள்.

"அடுப்பண்டையே நின்னேங்க" என்றாள் கிருஷ்ணவேணி. இலையை வழித்து நக்கினாள்.

லட்சுமியம்மாள் சிரித்தாள். "இந்தத் தீனிக்கு உங்க நிலம் போதுமா சம்பந்தி?" என்று கேட்டுக்கொண்டே தன் இலையில் கை வைத்தாள். தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் பஸ் ஏறியதும் கிருஷ்ணவேணி கொல்லைக்கு ஓடினாள். வைக்கோல் போருக்குப் பின்னால் குப்புற விழுந்து குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். கடைசியில் வந்தது ரத்தம்.

மறுநாள் காலை கொட்டகையில் பானை இல்லை. முழு இலை சாப்பிட்டவளுக்கு எதற்குத் தனிக் கூழ் என்றாள் வீரம்மாள். இனி எல்லாரும் தின்ற பிறகு ஒரே வேளையாகத் தின்றால் போதும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகவும் வேண்டாம். கல்யாண நெல் அவிக்கிற வேலை கிடக்கிறது.

கிருஷ்ணவேணி கணவன் தேவநாதனிடம் ரத்தம் வந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னாள். அவன் அம்மாவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் வீரம்மாள். "அது மேல சாம்பல் போட்டு மூடுனதே நான்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் போனா திண்டிவனத்துக்குச் சேதி போயிடும். தை வரைக்கும் உனக்கு ஒரு நோயும் இல்ல, தெரிஞ்சிக்கோ."

தேவநாதன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா சொல்வதும் நியாயந்தான், தங்கை வாழ்க்கையாச்சே என்றான். கல்யாணம் முடிந்த மறுநாளே அழைத்துப் போவதாகவும் சொன்னான்.

தைக்கு இன்னும் முழுசாக இரண்டு மாதம் இருந்தது. கிருஷ்ணவேணி நெல் அவிக்கப் போனாள்.