நாரத்தை மண்

நீலம் ஏறிக்கொண்டிருக்கிறது, கண்ணாடிக் குழாய்க்குள் மெல்ல, முதலில் வெளிறிய வானம், பிறகு பள்ளிச் சீருடை, பிறகு அதையும் தாண்டி நிற்காமல் கருத்துக்கொண்டே போகிறது, நான் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறேன், பக்கத்து மேசையிலிருந்து மெஹருன்னிசா எட்டிப் பார்த்து, என்னக்கா இது, இங்க் புட்டியக் கவுத்துட்டீங்களா, என்கிறாள், யாரு வயலு இது, உர மூட்டைக்குள்ளயே கைய விட்டு மண்ணெடுத்துட்டாங்களா, என்று சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, இந்த மண் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் கணக்கு, மண்ணில் எவ்வளவு மணிச்சத்தோ, பாஸ்பரஸோ, குழாயில் அவ்வளவு நீலம், விதை திரள்வதற்கும் எலும்பு கெட்டிப்படுவதற்கும் வேண்டியது அந்தச் சத்துதான், அது பயிருக்குப் போய், பயிரிலிருந்து நமக்கு வந்து, நம்மிடமிருந்து ஒருநாள் மண்ணுக்கே திரும்புகிறது, வருகிற விவசாயிகளுக்கெல்லாம் இதை நான் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நான் சாப்பிடப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையை மெஹரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், வாரத்தில் பாதி நாள் இந்த வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போகிறார், ஒருநாளும் உள்ளே வந்ததில்லை, அண்ணன் வந்தாங்கக்கா, கொல்லை மண்ணுன்னு மட்டும் சொன்னாங்க, ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல, என்றாள் மெஹர், பையைப் பிரித்ததுமே வாசனை வந்துவிட்டது, மக்கிய நாரத்தை இலையின் வாசனை, நான் வாளியோடு போனால் கூட எந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேனோ அந்த மரத்தின் வாசனை, மரத்தடியில் மண் எடுக்கக் கூடாது, எருக்குழி ஓரம் எடுக்கக் கூடாது, வரப்பில் எடுக்கக் கூடாது, சுவரில் எழுதியே போட்டிருக்கிறோம், அதெல்லாம் பயிருக்கு மண் பார்க்கிறவர்களுக்கு, அவர் மரத்தடியில்தான் எடுத்திருக்கிறார், அங்கே மட்டும்தான் எடுத்திருக்கிறார், நிழலில் உலர்த்தி, கட்டியை மரச்சுத்தியால் தட்டி, சல்லடையில் போட்டு அசைத்தபோது மண் இறங்கிப் போய் சல்லடைமேல் ஒன்று தங்கியது, வெள்ளையாக, மெல்லியதாக, நகக்கண் அளவில், எலும்பு.

என் கை நின்றுபோனது, நான் இருபத்தாறு வருஷம் பின்னால் போய், பிள்ளை பெற்ற அறையில் படுத்திருக்கிறேன், ஜன்னல் சாத்தியிருக்கிறது, கொல்லைக் கோடியில் மண்வெட்டி விழுகிற சத்தம், பல் முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள், பெற்றவள் பின்னால் போகவும் கூடாது, பேர் வைக்கும் நாள் வரைக்கும் கூட என் மகள் இருக்கவில்லை, ஆம்பிளைகள் மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், நரி, நாய் தோண்டாமல் இருக்க மேலே முள் வைக்க வேண்டும், வெட்டிய முள் இரண்டு மழையில் மட்கிவிடும் என்று இவர்தான் முள்ளுள்ள நாரத்தங்கன்று ஒன்றை நட்டுவிட்டு வந்தார், வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை, அன்றைக்கு விட்ட பேச்சை இந்த இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் எடுக்கவே இல்லை, பால் மட்டும் கேட்பாரில்லாமல் சுரந்துகொண்டே இருந்தது, வலி தாங்காமல் டம்ளரில் பீய்ச்சி வைப்பேன், அவர் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார், கொட்டிவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன், கன்று மரமானது, காய்த்தது, ஊரே வந்து ஊறுகாய்க்குப் பறித்துப் போனது, நான் ஒரு சுளை வாயில் வைத்ததில்லை.

இந்த வருஷம் அது வாடுகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இலையெல்லாம் மஞ்சளித்து, இலை சிறுத்து, கொப்பு நுனியிலிருந்து காய்ந்து வருகிறது, கொழுந்தன் கலியமூர்த்தி போன வாரம் வந்து பார்த்துவிட்டு, காயுற மரம்தானே அண்ணி, வெட்டிட்டு இந்த எடத்துல மோட்டார் கொட்டகை போட்டுடலாம், வர்ற வாரம் ஆளக் கூட்டியாறேன், என்றான், நான் இவர் முகத்தைப் பார்த்தேன், இவர் வெத்தலையை மடித்துக்கொண்டிருந்தார், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, மறந்தே போய்விட்டார், தன் கையால் குழி வெட்டிய இடம் அதுவென்று இந்த மனுஷன் மறந்தே போய்விட்டார், ஒரு வாரமாக அந்தக் கோபத்திலேயே சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சல்லடையில் தங்கியதை மறுபடி பார்த்தேன், பிள்ளையின் எலும்பு இல்லை அது, மீன் முள், பக்கத்திலேயே கெண்டைச் செதில் ஒன்று, பிறகு இன்னொரு முள், சல்லடையைத் தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது, உட்கார்ந்துவிட்டேன், ஒரு பச்சைப் பிள்ளையின் உடம்பில் மணிச்சத்து எத்தனை இருந்துவிடும், ஒரு கைப்பிடி கூட வராது, அதையும் வேர் எப்போதோ உறிஞ்சி, காயாக்கி, காய் ஊர் முழுக்கப் போயாயிற்று, மற்றதெல்லாம் கரிதான், கார்பன், அதை மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று மூச்சாக விட்டிருக்கும், அது காற்றில் போய்விட்டது, மரத்தின் கட்டை கூட மண்ணால் ஆனதில்லை, காற்றிலிருக்கும் கரியை இலை இழுத்து இழுத்துச் செய்தது, பக்கத்தில் நிற்கிறவர்கள் விட்ட மூச்சும் அதில் சேர்ந்திருக்கும், படித்தவள் என்று பேர், இதெல்லாம் தெரிந்தும் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பிள்ளைதான் அங்கே நிற்கிறாள் என்று சுற்றிப் போனேன், ஆனால் இந்த நீலம் அவளுடையதாக இருக்க முடியாது, இத்தனை நீலத்துக்கு யாரோ வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொள்ளிடத்துப் பாலத்தில் மீன் வாங்கி வந்து, என்னைத் தொட விடாமல், கொல்லைக் கோடியில் குத்த வைத்து உட்கார்ந்து அரிந்துகொண்டு வருகிற மனுஷன் ஒருவர்தான், கிணற்றடியில அரிஞ்சா என்னங்க, அங்க போயி நாத்தம் பண்ணணுமா, என்று நான் கத்தாத வாரமில்லை, தலையும் குடலும் முள்ளும் கழுவின தண்ணீரும் எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் போய்ப் பார்த்ததில்லை.

குழாய்க்குத் தக்கை போட்டு, பஞ்சில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைக்கு நடந்தேன், இந்தப் பாதையில் என் கால் பட்டதே இல்லை, அவர் மரத்தடியில் உட்கார்ந்து காய்ந்த கொப்புகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், என்னை அங்கே கண்டதும் எழுந்துகொண்டார், என்ன சொல்லுது மண்ணு, என்றார், பொழைக்குமா, கலியமூர்த்தி நாளைக்கு ஆளோட வர்றான், நான் வெட்டக் கூடாதுன்னு சொல்லணும், சொல்லறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும், வேற காரணம் சொல்ல வாய் வரல, என்றார், நான் கேட்டேன், எதுக்குங்க இத்தனை மீனப் போட்டீங்க, அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார், அன்னிக்கு டம்ளர்ல பால் குடுத்தியே, என்றார், நான் கொடுக்கவில்லை, வைத்தேன், அவர் எடுத்தார், ஆனால் கொடுத்தியே என்றுதான் சொன்னார், அத இங்கதான் ஊத்துனேன், தெனமும் ஊத்துனேன், ஒருநாளு உனக்குப் பால் நின்னுபோச்சு, அப்புறம் என்ன குடுக்குறதுன்னு எனக்குத் தெரியல, பசிக்கும்ல.

வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன், மணிச்சத்து அளவுக்கு மிஞ்சிவிட்டது, அது மிஞ்சினால் வேருக்குத் துத்தநாகம் கிடைக்காது, அதனால்தான் இலை மஞ்சளிக்கிறது, இனி எதுவும் போடாமல் இலையில் மருந்து தெளித்தால் பிழைக்கும் என்று, எல்லாம் ஞாபகம் இருந்தது, வாய்தான் வரவில்லை, பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினேன், சாயங்கால வெயிலில் அந்த நீலம் கலங்காமல் கனத்து நின்றது, அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, தலை நிற்காத பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார், இது அவளா, என்றார், அவளும் இருக்கா, நீங்க போட்டதும் இருக்கு, பிரிச்சுப் பாக்க முடியாதுங்க, என்றேன், அவர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் மரத்தில் கை வைத்தேன், முதல் தடவையாக, முள் குத்தியது, எடுக்கவில்லை, போதுங்க, இனிமே எதுவும் போட வேணாம், அவளுக்கு வயிறு நெறஞ்சிருக்கு, என்றேன்.