திங்கட்கிழமைத் தீ

திங்கட்கிழமை பிற்பகல் ஜோதியின் மேசைமேல் கிடந்த போன் சிணுங்கியது. செயற்கைக்கோள் வழியாக வரும் தீ எச்சரிக்கை. பச்சைமலையின் கிழக்குச் சரிவில் ஒரு சிவப்புப் புள்ளி. போன வாரம் தெரிந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு முந்தின வாரமும் அதே பக்கம்தான், அதுவும் திங்கட்கிழமைதான்.

திருச்சியில் வனத்துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. கோடை வந்துவிட்டால் இந்த எச்சரிக்கைகளைப் பார்த்து மலையில் இருக்கும் வனக்காவலர் அடைக்கலத்துக்குச் சொல்வதும் அவள் வேலை.

"அண்ணே, மறுபடியும் அதே சரிவு."

"புகை இங்கயே தெரியுது மேடம். யாரோ வேணும்னே வைக்கிறாங்க. தானா பத்துறதுன்னா வாராவாரம் அதே எடத்துலயா பத்தும்?"

பொங்கலுக்குப் பிறகு மலையில் ஒரு சொட்டு மழை இல்லை. புல்லைத் தொட்டாலே நொறுங்கியது. அடைக்கலமும் ஆட்களும் தழையை ஒடித்து அடித்து அடித்தே அன்றைக்குத் தீயை அணைத்தார்கள்.

மறுநாள் ரேஞ்சர், இருளாயி என்ற ஆடு மேய்க்கும் பெண்ணை ஜீப்பில் திருச்சி அலுவலகத்துக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார். பழைய புல்லைக் கொளுத்தினால் மழைக்குப் புதுப்புல் தளதளவென்று வரும், அதற்காக மேய்ப்பவர்கள் தீ வைப்பார்கள் என்பது அவர் கணக்கு. இருளாயியின் அரிவாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"எரிஞ்சு போனா என் ஆடு எதைத் திங்கும்? ஞாயித்துக்கிழமையானா ஒரு வெள்ளை வேன் வருது, டவுன் பசங்க எறங்குறாங்க. அவங்களப் போயி கேளுங்கய்யா" என்றாள் இருளாயி.

ரேஞ்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜோதிதான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கணவன் ரெங்கராஜ் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். வெள்ளை வேன். ஆனால் திருச்சியில் வெள்ளை வேனுக்கா பஞ்சம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தின் கீழே மணல்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் துவைக்கப் போட்டிருந்த அவன் பேன்ட்டை எடுத்துப் பார்த்தாள். இரண்டு கால்களிலும் முழங்கால்வரை ஒட்டுப்புல். ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். முக்கொம்புப் பூங்காவில் வெட்டிவிட்ட புல்தரை. இந்த ஒட்டுப்புல்லுக்கு அங்கே என்ன வேலை?

அதைவிட மோசமாக இன்னொன்று நினைவுக்கு வந்தது. மாதத் தொடக்கத்தில் சாப்பிடும்போது ரெங்கராஜ் கேட்டிருந்தான், "ஒங்க அடைக்கலத்துக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா, பாவம்?" வேதக்காரராச்சே, மாதா கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல்தான் மலையேறுவார் என்று அவள் வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லியிருந்தாள்.

ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். தீப்பிடிப்பது திங்கட்கிழமை. திங்கட்கிழமை அவன் மத்தியானம்வரை வீட்டில் தூங்குகிறான். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினாள். நான்காம் நாள் தாங்காமல் அடைக்கலத்துக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மூட்டின தீ திங்கக்கிழமை எரியுமா?"

"நல்லா எரியுமே. மேல தண்ணிய ஊத்திட்டு அணைஞ்சிருச்சுன்னு போயிருவாங்க. நெருப்பு வேர்ல எறங்கி உள்ளயே கனன்றுகிட்டு கெடக்கும். மறுநா காத்து எழும்புச்சுன்னா போதும். ஏன் மேடம் கேக்குறீங்க?"

"சும்மாதாண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் முக்கொம்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மாலையில் களைத்து வந்து சாப்பிட்டுப் படுத்தான். திங்கட்கிழமை காலையில் ஜோதி அவனை எழுப்பினாள்.

"என்னங்க, வண்டிய எடுங்க. தீப்பிடிச்ச எடத்த நான் நேர்ல பாக்கணும்."

"நீ எதுக்கு? ஒனக்கு ஆபீஸ் வேலைதானே?"

"பாக்கணும்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தான். டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர் என்று ஊர்கள் பின்னால் போயின. சோபனபுரம் தாண்டி மலைப்பாதையில் ஏறினார்கள். ஜோதி அந்தச் சரிவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி, போவதற்கு வழி தெரியாது. அடைக்கலத்தைத்தான் கேட்க வேண்டும் என்று போனை எடுத்தாள். அதற்குள் ரெங்கராஜ் மூங்கில் புதருக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு மண்பாதையில் வண்டியைத் திருப்பிவிட்டான்.

திருப்பிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை ஸ்டீயரிங்கிலேயே நின்றுவிட்டது.

"போங்க" என்றாள் ஜோதி. "வழி ஒங்களுக்குத்தான் தெரியுதே."

பாதை முடிந்த இடத்தில் கல் கூட்டிய அடுப்பு இருந்தது. சுற்றிலும் கோழி எலும்பு.

"காலேஜ் பசங்க. மலையில தீ மூட்டி கோழி வாட்டித் தின்னணும்னு ஆசப்பட்டாங்க" என்றான் ரெங்கராஜ். குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா இந்தத் தீக்கும் எனக்கும் சம்பந்தமில்ல ஜோதி. கெளம்பும்போது ரெண்டு கேன் தண்ணி ஊத்துவேன். இதோ பாரு." சாம்பலில் உள்ளங்கையை வைத்துக் காட்டினான். "சில்லுன்னு இருக்கு."

ஜோதி ஒரு குச்சியை எடுத்து, அடுப்பை ஒட்டியிருந்த பட்ட மரத்தின் தூரைக் கிளறினாள். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினாள். மண்ணுக்குள்ளிருந்து நூல் போலப் புகை எழுந்தது. அவன் குனிந்து வேரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

வெயில் ஏறி, பள்ளத்திலிருந்து காற்று வீசத் தொடங்கியது. தூரிலிருந்து பறந்த பொறி பக்கத்துப் புல்லில் விழுந்ததும் சடசடவென்று பிடித்துக்கொண்டது. ரெங்கராஜ் வேனுக்கு ஓடி இருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து கொட்டினான். போதவில்லை. இருவரும் பச்சைத் தழையை ஒடித்து மாறிமாறி அடித்தார்கள். அவன் முழங்கை பொசுங்கியது, அவள் புடவை ஓரம் கருகியது. கடைசிப் பொறியும் அடங்கியபோது அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வச்சதுதானா எல்லாம்?" என்றான். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "யாரும் பாக்கலல்ல?" என்றான்.

அந்த இரண்டாவது கேள்விதான் ஜோதியைச் சுட்டது.

புகையைப் பார்த்துவிட்டு அடைக்கலம் மூச்சிரைக்க ஏறி வந்தார். "மேடம், நீங்களா? யார் வச்சது?"

ஜோதி கணவனைப் பார்த்தாள். அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தோங்க. புகை தெரிஞ்சுது" என்றான் ரெங்கராஜ்.

"இல்லண்ணே" என்றாள் ஜோதி. "நேத்து இங்க அடுப்பு மூட்ட ஆள் கூட்டிட்டு வந்தது இவர்தான். நாலு வாரமா இவர்தான்."

அவன் தலையைத் தூக்கவே இல்லை.

வேனைப் பறிமுதல் செய்து அலுவலக வளாகத்தில் நிறுத்தினார்கள். வழக்கு அவன் பேரில் பதிவானது. இருளாயி மேலிருந்த சந்தேகம் நீங்கியது. ஸ்ரீரங்கத்து வீட்டில் ரெங்கராஜ் போட்டதைச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான், தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போனால் எங்கே போகிறான் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டு, அவன் சொல்லும் பதிலை நம்பும் தெம்பு அவளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

ஒருநாள் இருளாயி தன் அரிவாளை வாங்கிப்போக அலுவலகத்துக்கு வந்தாள். ஜோதிதான் எடுத்துக் கொடுத்தாள்.

"வேன்காரன் ஆம்புட்டுட்டானாமே. யாரும்மா அது?"

"என் வீட்டுக்காரர்."

இருளாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு என்னைய இங்க உக்கார வச்சிருந்தாங்களே, அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா சந்தேகம் இருந்துச்சு."

இருளாயி அரிவாளை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகினாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வெயிலில் இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். ஜோதி வாசல்வரை வந்து, கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் நின்றாள்.