இடிக்கு ஓர் இடம்

தையல்காரம்மா ஒன்றை நினைத்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. வீட்டு டிவிக்கு, கனத்த சத்தத்தை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் பெட்டி ஒன்று வாங்கியே தீருவேன் என்று அவர் சொன்னபோது, தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாமாவுக்குக் காதே கேக்காது. அவருக்குப் போயி பெட்டியாக்கா?"

கேட்காது என்பது பாதிதான் உண்மை. நெசவாலையில் தறிகளுக்கு நடுவே ஆயுசைக் கழித்ததில் தையல்காரம்மாவின் கணவருக்குப் போனது மெல்லிய சத்தங்கள். டிவியில் யார் பேசினாலும் வெறும் முணுமுணுப்புதான். மற்றவர்கள் சிரித்தபோது தானும் சிரித்துப் பார்த்தார். அது அவருக்கே பிடிக்கவில்லை. ஒரு நாள் எழுந்து உள் அறைக்குப் போனவர், அப்புறம் ஹாலில் வந்து உட்காரவே இல்லை. அவருடைய சாய்வு நாற்காலி சும்மா கிடப்பதைப் பார்க்கப் பார்க்க மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் தெருமுனையில் லாரி திரும்பினால் வீட்டில் முதலில் சொல்பவர் அவர்தான். கனத்த சத்தம் அவரை விட்டுப் போகவில்லை. அந்த வழியாகவே ஆளை ஹாலுக்கு இழுத்து வந்துவிடுவது என்று தையல்காரம்மா கங்கணம் கட்டிக்கொண்டார்.

கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டினார். "இது இடிச்சா வீடே ஆடும்மா."

"ஆடுறது இருக்கட்டும். இடிச்சு முடிஞ்சா நிக்குமா?"

தையல்காரம்மா ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முன்னால் ஓட்டை வைத்த பெரிய பெட்டி, சத்தம் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே கிடந்தது. நாலு பக்கமும் மூடிய சின்னப் பெட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அதையே எடுத்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்றார் கடைக்காரர்.

தம்பிக்கு மைக் செட் வாடகைக்கு விடும் தொழில். சத்தம் என்றால் அவனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. "மூலைல வெச்சாதான் அள்ளும்" என்று அங்கேயே வைத்தான். அள்ளத்தான் செய்தது. ஜன்னல் கம்பி கடகடத்தது, அலமாரியில் டம்ளர்கள் கச்சேரி வைத்தன. உள் அறையிலிருந்து அவர் எழுந்து வந்தார். தையல்காரம்மா அவசரமாக அவர் நாற்காலியைத் தட்டி வைத்தார். அவரோ நேராகப் போய் வாசல் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"யாரோ கதவத் தட்டினாங்க. ஆளக் காணோம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "திருப்பிக் குடுத்துடுக்கா."

"அவருக்குக் கேட்டுச்சா இல்லையா? கதவுன்னு கேட்டது இடின்னு கேக்கணும். அவ்வளவுதான்."

கடைக்காரருக்கே போன் போட்டார். அவர் சொன்ன வழி கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருந்தது. ஆள் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்து ஓட விட வேண்டும். நாம் தரையோடு தவழ்ந்து போய், எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை மாற்ற வேண்டும்.

கணவரின் நாற்காலியில் பெட்டி ராஜா மாதிரி உட்கார்ந்தது. தையல்காரம்மா வெட்டுத் துணிகளை முழங்காலில் சுற்றிக்கொண்டு தவழ்ந்தார். கதவோரம் சத்தமே இல்லை. மூலையில் வெறும் கொடகொடப்பு. ஜன்னலடியில் மட்டும் உருண்டு திரண்டு தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்தார், அங்கே நின்ற தையல் மிஷினில் தலை இடித்தது.

"போச்சு" என்றான் தம்பி. "ரெண்டாவதா நல்லா கேட்ட எடத்துல வெச்சிடலாம்."

"ரெண்டாவது எடத்துக்கு உங்க மாமா வரமாட்டாரு. மிஷினோட அந்தப் பக்கத்தப் பிடி."

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவது அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான். தையல்காரம்மாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் மிஷின் எதிர்ச்சுவரில் டியூப்லைட்டுக்குக் கீழே போனது, பெட்டி ஜன்னலடிக்கு வந்தது. வால்யூமைத் தம்பி ஏற்ற, அவர் டம்ளர்கள் வாயை மூடும் வரை இறக்கினார்.

மறுநாள் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு புயல் படத்தைப் போட்டார்கள். இடி எங்கோ தொலைவில் புரண்டு, மெல்லக் கிட்டே வந்து, ஹால் முழுக்கப் பரவி அடங்கியது.

உள் அறைக் கதவு திறந்தது. அவர் அரக்கப்பரக்க வந்தார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை. ஹாலைக் கடந்து பால்கனிக்குப் போய், கொடியில் கிடந்த துணிகளை ஒன்றுவிடாமல் உருவித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"வெயிலோடவே மழை வருது. துணி காயுதேன்னு ஒருத்தருக்காவது கவலை இருக்கா?"

தம்பி சிரிக்க வாயைத் திறந்து, அக்காவின் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டான். தையல்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணிகளை வாங்கிக்கொண்டு, அவர் காதருகே போய்ச் சொன்னார்:

"மழை நம்ம வீட்டுக்குள்ளதாங்க. உக்காருங்க."

மறுபடியும் இடி உருண்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மிஷின் இல்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இது லேசுல விடாது" என்றார்.

"விடாதுங்க" என்றார் தையல்காரம்மா.